உருளைக்கிழங்கு இல்லாத விருந்து

1

வெள்ளைக்காரர் பசி அறியாதவர்கள் என்றே எங்கள் வீட்டில் நெடுங்காலம் நம்பியிருந்தோம். பசியும் கப்பலும் பிரிவும் நம்மைப் போன்றவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. இந்தத் தீவில் பிறந்தவர்களுக்கு மழை ஒன்றே துன்பம் என்பது என் கணவரின் துணிபு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் வெம்பிளியில் குடியேறிய நாள்முதல் அவர் அதை மாற்றிக்கொண்டதில்லை. எங்கள் தெருவிலேயே அயர்லாந்துக் குடும்பங்கள் இருந்தன. அவர்களையும் ஆங்கிலேயர் கணக்கிலேயே சேர்த்திருந்தார்.

நான் நூலகத்தில் வேலை செய்பவள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அயர்லாந்தில் எண்ணற்றோர் பட்டினியால் மடிந்ததையும், தப்பியவர்கள் கப்பலேறியதையும் பற்றிய புத்தகங்களை அலுமாரியில் அடுக்கியிருக்கிறேன், சிலவற்றை வாசித்துமிருக்கிறேன். ஆயினும் புத்தகத்தில் வாசித்தது ஒருபுறமும், வீட்டில் நம்பியது மறுபுறமுமாக, ஒன்றையொன்று தொடாமல் இருந்துவந்தன. மனித மனம் இப்படிப் பல அறைகளைக் கட்டிவைத்துக்கொள்வதில் வல்லது.

ஊரில் போர் முடிந்த இந்த ஆண்டின் மே மாதத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அதன்பின் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பேசியது, நாங்கள் பேசவில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்கள் ஒரே மகள் ஆரணி அந்த மௌனம் சற்றுத் தணியும்வரை காத்திருந்தாள். ஓகஸ்ட் மாதத்து ஞாயிறொன்றில், தந்தை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அப்பா, டெக்லன் எண்டு ஒராள். ரெண்டு பேரும் கல்யாணம் செய்யலாம் எண்டு இருக்கிறம்."

"வெள்ளைக்காரனோ?"

"ஐரிஷ், அப்பா."

"அதுக்கும் இதுக்கும் என்ன பிள்ளை வித்தியாசம்?"

"இதை மட்டும் அவையின்ரை வீட்டிலை கேட்டுடாதேங்கோ, ப்ளீஸ்!"

என் கணவர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் கண்டது கோபமன்று. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஓர் ஆர்வம். மறுப்பதற்கேனும் ஒரு காரியம் கிடைத்துவிட்டதே என்ற உற்சாகமாகவும் இருக்கலாம்.

2

அவர் மறுக்கவில்லை. அதைவிடக் கடினமான ஒன்றைச் செய்தார்; ஒரு நிபந்தனை வைத்தார்.

"பெடியன்ரை தாய் தேப்பன் மட்டும் வந்து காணாது. தேப்பன்ரை தமையன் இருக்கிறாராம். அவரும் வரோணும். பெரியப்பா இல்லாமல் சம்பந்தம் கதைக்கிறது எங்கை நடந்திருக்கு?"

இதை ஆரணி ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டு டெக்லன் எங்கள் வீட்டுச் சோபாவில் நெளிந்தான். உயரமான, எதையும் மெல்லப் பேசுகிற பையன். மருத்துவமனையொன்றில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அவன் தந்தையின் பெயர் பற்றிக்; ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். பெரியப்பா மைக்கல், கட்டட வேலை செய்து ஓய்ந்தவர், திருமணம் செய்யாதவர், டெக்லனைத் தோளில் சுமந்து வளர்த்தவர். அவன் இருவரையும் நேசித்தான். ஆனால் அந்த இருவரும் பேசிக்கொண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

"ஏன் பேசுவதில்லை?" என்று கேட்டேன்.

"பஞ்சத்தினால்," என்றான்.

"எந்தப் பஞ்சம்?"

"எங்களுக்கு ஒன்றுதானே, ஆன்ரி."

அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சுருக்கித் தருகிறேன். அவர்களின் தாய் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துக் கிராமத்தில் இறந்தபோது எல்லோரும் லண்டனிலிருந்து போயிருந்தார்கள். அடக்கம் முடிந்து உணவு மேசையில் இருக்கையில் பஞ்சத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. தானியமும் மாடும் காவலோடு கப்பலேறிப் போக, விளைத்த மக்கள் சாகவிடப்பட்டார்கள். இதைப் பஞ்சம் என்று சொல்வதே பொய் என்பது மைக்கலின் கட்சி. ஆட்சியாளரின் இரக்கமின்மையும் சந்தைமீது கொண்ட மூடநம்பிக்கையும் கொன்றன. ஆயினும் கொல்லவேண்டும் என்ற திட்டம் இருந்ததாகச் சான்றில்லை என்பது பற்றிக்கின் கட்சி. அதோடு நின்றிருந்தால் பிழையில்லை. அந்தச் சண்டை எத்தனையோ கிறிஸ்மஸ்களைக் கண்டது. அன்று பற்றிக் மேலும் ஒன்று கேட்டார். நம் குடும்பம் மட்டும் எப்படித் தப்பியது? வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வயல் எப்படி நம்முடையதாயிற்று? முன்பு அங்கே இருந்தவர்கள் எங்கே?

மைக்கல் எழுந்து வெளியே போனார். பிறகு தம்பியோடு பேசவேயில்லை.

டெக்லன் போனபின் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின சங்கதிக்கு அண்ணன் தம்பி கதைக்கிறேல்லையோ! என்ன சனமப்பா இது!"

"நீங்கள் கந்தசாமி அண்ணையோடை ஏன் கதைக்கிறேல்லை?" என்று கேட்டேன். கந்தசாமி அவருடைய ஒன்றுவிட்ட தமையன்; வால்தம்ஸ்டோவில் இருக்கிறார். ஊர்ச் சங்கக் கூட்டத்தில், போரில் யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்று தொடங்கிய வாக்குவாதத்தோடு போக்குவரத்து நின்றிருந்தது.

"அது வேறை."

"ஓம், அது வேறை."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். நானும் நாட்களை எண்ணத் தொடங்கினேன். கவுன்சில் பதிவு அலுவலகத்தில் திருமண அறிவித்தல் கொடுப்பதற்கு இந்த நாடு கேட்கும் அத்தாட்சிகளையெல்லாம் பிள்ளைகள் திரட்டிவிட்டார்கள். கடவுச்சீட்டு, முகவரிச் சான்று, மொழிபெயர்த்து முத்திரையிட்ட பிறப்புச் சான்று எல்லாம் கிடைத்துவிட்டன. கிடைக்காதிருந்தது பெரியப்பா ஒருவர்தான். தந்தை மனம்வந்து சரியென்று சொல்லாமல் தேதி குறிக்கமாட்டேன் என்று ஆரணி இருந்தாள். இங்கே வளர்ந்து, தமிழில் பாதியை எங்கோ தொலைத்துவிட்ட பிள்ளை. இதை மட்டும் தொலைக்காமல் வைத்திருந்தாள்.

3

"ஃபோனிலை சொல்ல ஏலாது. வீட்டை போய்ச் சொல்லோணும்," என்றார் என் கணவர். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்தவர்களை வீட்டுக்குப் போய், நேரே அழைக்காவிட்டால் அது அழைப்பாகாது. ஆகவே பயித்தம் பணியாரத்தை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு, இருவருமாக பஸ் ஏறி கிரிக்கிள்வுட் போனோம்.

மைக்கல் கதவைத் திறந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அகன்ற தோள்கள், கைகள் இரண்டும் மண்வெட்டியைப் போலிருந்தன. நாங்கள் இன்னார் என்று சொன்னதும் விலகி வழிவிட்டார்.

"தேநீர் குடிக்கிறீர்களா?"

"இல்லை, வேண்டாம். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம்," என்றார் என் கணவர்.

"ஒரு வாய் குடிக்கலாமே."

"வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்."

"கேத்தில் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது."

"அப்படியென்றால் கொஞ்சம்."

இந்த உரையாடலை நான் உடல் சிலிர்க்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆங்கிலேயர் வீட்டில் ஒருமுறை வேண்டாம் என்றால் அதோடு தேநீர் முடிந்தது. வந்த புதிதில் அப்படி எத்தனையோ வீடுகளில் தாகத்தோடு இருந்து திரும்பியிருக்கிறோம். இங்கே ஒருவர், நம் சனத்தைப் போலவே, 'வேண்டாம்' என்பதை ஒரு முன்னுரையாக மட்டும் எடுத்துக்கொண்டார். என் பங்குக்கு நான் பணியாரப் பெட்டியை நீட்டியபோது, அவரும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் முறை இரண்டாக எடுத்தார்.

சுவரில் ஒரு புகைப்படம் இருந்தது. ஒரு கல்வீட்டின் முன்னால், காற்றில் கலைந்த தலைகளோடு ஏழு பிள்ளைகள். மூத்தவனாக நின்றவர் மைக்கல் என்பது தோளில் தெரிந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் நின்ற கடைசிச் சிறுவனை நான் யாரென்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மற்றவர்களைக் காட்டினார். "இவள் பொஸ்டன். இவன் நியூயோர்க். இவன் சிட்னி. இந்த இருவரும் பேர்மிங்ஹாம்." ஊர்களின் பெயர்களே பிள்ளைகளின் பெயர்களாகிவிட்டிருந்தன. நம் வீட்டுப் படங்களுக்கு முன்னாலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்: இது ஸ்காபரோ, இது பாரிஸ், இது ஒஸ்லோ.

என் கணவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். தமிழில் சொல்வதற்கென்று இருக்கிற ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன். "எங்கள் வழக்கத்தில் நீங்கள் தகப்பனுக்கு மேலே. நீங்கள் வராவிட்டால் நான் யாரோடு பேசுவேன்?"

மைக்கல் எழுந்து என் கணவரின் கோப்பையை மறுபடி நிரப்பினார்.

"என்னை அழைக்க வீட்டுக்கு யாரும் வந்ததில்லை," என்றார். "வருகிறேன். சாப்பிடுவேன். ஆனால் அவனோடு பேசமாட்டேன்."

"சாப்பாடு போதும்," என்றார் என் கணவர்.

4

விருந்துக்கு முதல்நாள் நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கையில் அவர் சமையலறைக்கு வந்தார்.

"இஞ்சேரும், நாளைக்கு உருளைக்கிழங்கு வைக்க வேண்டாம்."

"ஏன்?"

"அவையின்ரை செத்த சனத்தை நினைச்சுப் பாரும். அதாலைதானே எல்லாம் நடந்தது. அதைக் கொண்டுபோய் தட்டிலை வைக்கிறதே?"

அவர் உரும்பிராயில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் மகன். இலை கருகும் நோய் வந்தால் நேற்றுப் பச்சையாக நின்ற தோட்டம் இன்று எப்படி நிற்கும் என்பதைச் சிறுவயதில் பார்த்தவர். டெக்லன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர், பிறகு என்னிடமிருந்த புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். துக்க வீட்டில் சில கறிகளை விலக்குவது நமக்குப் பழகியது. அவருடைய கணக்கில் இதுவும் அவ்வகையே. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கிழங்குப் பையை மாடிப்படிக்குக் கீழே ஒளித்துவைத்தேன்.

சனிக்கிழமை மதியம் அவர்கள் வந்தார்கள். முதலில் பற்றிக்கும் அவர் மனைவி மோரீனும். சற்றுப் பின்னால், தனியே, கறுப்பு சூட் அணிந்து மைக்கல். அண்ணனும் தம்பியும் மேசையின் இரு தலைப்பிலும் அமர்ந்தார்கள். நடுவில் ஆரணியும் டெக்லனும் கைகளை மேசைக்குக் கீழே பின்னிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல இருந்தார்கள்.

சோறு, பருப்பு, மீன்குழம்பு, கத்தரிக்காய் வெள்ளைக்கறி, கோழிப் பொரியல், கீரை. நான் பரிமாறினேன். மைக்கல் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டுத் தட்டைத் துடைத்து வைத்தார். வெறுந்தட்டைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? மீண்டும் போட்டேன். மறுதலைப்பில் பற்றிக்கின் தட்டும் பளிச்சென்று காலியாயிற்று. அங்கேயும் போட்டேன். இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி, ஒரே வேகத்தில் உண்டார்கள்.

"பாவம், மனுசர் நல்ல பசியிலை வந்திருக்கினம்," என்று என் கணவர் என் காதில் சொன்னார். "வடிவாப் போடும்."

மூன்றாம் முறை அகப்பையோடு நான் நெருங்கியபோது மைக்கலின் நெற்றியில் வியர்வை மின்னியது. பற்றிக் கோட்டின் பொத்தானைக் கழற்றியிருந்தார். டெக்லன் ஆரணியின் காதில் ஏதோ சொன்னான்.

"அம்மா, ஸ்டொப்!" என்றாள் ஆரணி. "அவையளுக்குத் தட்டிலை மிச்சம் விட ஏலாது. அவையின்ரை அம்மா அப்பிடி வளர்த்தவ. நீங்கள் போட்டால் சாப்பிட்டே ஆகோணும்!"

நான் அகப்பையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நம் வீட்டில் போதுமென்றால் சிறிது மிச்சம் விடுவார்கள். அவர்கள் வீட்டில் மிச்சம் விட்டால் அது பாவம். இரு நாகரிகங்களும் சேர்ந்து இரண்டு முதியவர்களைக் கொல்லப் பார்த்தன. மோரீன் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று அறிய எனக்குச் சற்று நேரமெடுத்தது.

மைக்கல் மூச்சு வாங்கிக்கொண்டார். "அருமையான சாப்பாடு, அம்மணி. ஒன்று கேட்டால் கோபிக்கமாட்டீர்களே?"

"கேளுங்கள்."

"இந்த வீட்டில் உருளைக்கிழங்கே கிடையாதா?"

என் கணவரின் முகம் சிவந்தது. அவர் மெல்ல எழுந்து, இறந்தவர்களின் மரியாதைக்காகத் தாமே விலக்கச் சொன்னதை ஒளிக்காமல் சொன்னார். தம் சொல் அவர்களை நோகச் செய்துவிட்டதோ என்று அவருக்கு நாக்குழறியது. ஆரணி கண்களை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணத்தில் அவளுடைய திருமணம் எங்கள் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையைப் போல விளிம்பில் நின்றது.

"மரியாதைக்காக," என்று மைக்கல் திருப்பிச் சொன்னார். "உருளைக்கிழங்கை. எங்களுக்கு."

அவருடைய வயிற்றிலிருந்து தொடங்கிய சிரிப்பு தோளுக்கு ஏறி மேசையை ஆட்டியது. மறுதலைப்பில் பற்றிக் தண்ணீர் குடிக்கப்போய்ப் புரையேறிச் சிரித்தார். இருவரின் சிரிப்பும் ஒன்றேபோலிருந்ததை அன்றுதான் நான் அறிந்தேன். இடையில் சுவர் இருந்திருந்தால் ஒருவரே சிரிக்கிறார் என்று நினைத்திருப்பேன்.

"கிழங்கு இருக்கு!" என்றார் என் கணவர், ஆங்கிலத்தை மறந்து. "படிக்குக் கீழை இருக்கு! இப்பவே பிரட்டலாம்!"

"இவ்வளவு சோற்றுக்குப் பிறகா?" என்றாள் மோரீன், ஆரணி மொழிபெயர்த்துச் சொன்னதும்.

"கிழங்குக்கு எப்போதும் இடமிருக்கும்," என்றார் மைக்கல், கோட்டைக் கழற்றியபடி.

5

ஆகவே மூன்று ஆண்கள் என் சமையலறையில் நின்று கிழங்கு உரித்தார்கள். சட்டையின் கைகளை முழங்கைவரை மடித்துக்கொண்டு பற்றிக்கும் வந்துவிட்டார். தாமாக வந்தாரா, மோரீன் பின்னாலிருந்து தள்ளினாளா என்பதை நான் விசாரிக்கவில்லை.

"பாதிக் கிழங்கைத் தோலோடு எறிகிறாய்," என்றார் மைக்கல்.

பல ஆண்டுகளுக்குப் பின் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"உனக்குக் கண் தெரிவதில்லை என்று மோரீன் சொன்னாள். இது மட்டும் தெரிகிறதா?"

"ஆட்டுக்கு உரிப்பதுபோல உரிக்கிறாய்."

"அம்மா எனக்குக் கத்தி தந்ததேயில்லை. எல்லாம் நீயே உரித்தாய்."

பத்து நிமிடத்தில் சண்டை பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. கப்பல்கள் வெளியே போனதை மைக்கல் சொன்னார். போனது உண்மை, சோளம் உள்ளே வந்ததும் உண்மை, வந்தது பிந்தி வந்தது என்று பற்றிக் சொன்னார். பிந்தி வந்த சோற்றை யாருக்கு ஊட்டுவது என்று மைக்கல் கேட்டார். கதவருகே நின்ற டெக்லன் கவலையோடு என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன், எனக்கு அந்தச் சத்தம் மேளச் சத்தமாகக் கேட்டது.

என் கணவர் இடையில் புகுந்தார். போரின்போது பொருளாதாரத் தடை வந்த காலத்தில் எங்கள் பக்கத்துக்குச் சவர்க்காரமும் எண்ணெயும் வராததை, பனங்காயில் துணி வெளுத்ததை, ஜாம் போத்தலில் விளக்கெரித்ததை, உணவு போதிய அளவு அனுப்பப்படுகிறது என்று சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் கேட்டதைச் சொன்னார். உரித்த கிழங்கைக் கையில் பிடித்தபடி பற்றிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இதையெல்லாம் யாராவது எழுதுகிறார்களா?" என்றார்.

"எழுதுவார்கள். முதலில் நாங்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும்."

அதன்பின் என் கணவர் கேட்ட கேள்வியை ஒரு யாழ்ப்பாணத்தவரைத் தவிர வேறெவரும் அந்த இடத்தில் கேட்டிருக்கமாட்டார். நம் ஊரில் பெயரில்லாத காணி இல்லை. உறுதிப் பத்திரத்திலும் அது இருக்கும், வாயிலும் இருக்கும்.

"அந்த வீட்டுக்குப் பின்னாலை இருக்கிற வயல்," என்று தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினார். "அதன் பெயர் என்ன?"

மைக்கலின் கத்தி நின்றது. பற்றிக் அண்ணனைப் பார்த்தார். பதிலை அண்ணனுக்கென்று விட்டுவைத்ததுபோலிருந்தது.

"டஃபியின் வயல்," என்றார் மைக்கல். "அம்மா அப்படித்தான் சொல்வாள். பசு டஃபியின் வயலில் நிற்கிறது, போய் ஓட்டிவா என்பாள்."

"டஃபி உங்கள் சொந்தமா?"

"இல்லை. எங்கள் காலத்தில் அந்தப் பக்கத்தில் டஃபி என்று ஒருவரும் இல்லை." குழாயைத் திறந்து கிழங்கைக் கழுவினார். தேவைக்கு மேல் நேரம் கழுவினார். "பெயரை மட்டும் விட்டு வைத்தோம்."

"அன்றைக்கு நான் சொல்லவந்தது அவ்வளவுதான், மைக்," என்றார் பற்றிக்.

"தெரியும். வேறொரு நாளில் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். அம்மாவைப் புதைத்த கை காயுமுன் சொன்னாய்."

"ஆம்," என்றார் சரித்திர ஆசிரியர். "நாள் பிழை."

தப்பியவர்கள் எல்லோருக்கும் பின்னால் இப்படியொரு வயல் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நாங்களும் தப்பியவர்கள். அதை ஒருவரையொருவர் கேட்பதற்கு எங்களுக்கு இன்னும் நாள் வாய்க்கவில்லை. வாய்க்கும்போது கத்திகள் கிழங்கு உரிக்க மட்டும் இருக்கட்டும்.

கிழங்கு வெந்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்ந்து பிரட்டலாகி மேசைக்கு வந்தது. நான் பரிமாறவில்லை, சட்டியை நடுவில் வைத்துவிட்டு விலகிக்கொண்டேன். என் கணவர் பெரியப்பாவின் பக்கம் திரும்பி, முறைப்படி, பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்றார். மைக்கல் எழுந்து நின்று, பையனைக் கொடுக்கத் தமக்கும் சம்மதம் என்றார். "ஏன், என்னை ஒருவரும் கேட்கவில்லையே!" என்று பற்றிக் கத்தினார். "நீ இளையவன், உட்கார்," என்றார் அண்ணன். ஆரணி சிரித்துக்கொண்டே அழுதாள். திருமணம் தை மாதத்தில்.

மாலையில் பிள்ளைகள் மோதிரம் பார்க்கப் போனார்கள். என் கணவர் கூடத்தில் தொலைபேசியை எடுத்து, ஓர் இலக்கத்தை மனத்திலிருந்தே அழுத்தி, "அண்ணை, நான்தான்... ஓம்... சும்மாதான் எடுத்தனான்" என்று சொல்வது கேட்டது. மோரீன் என்னோடு சாப்பாட்டு மேசையில் இருந்து கோப்பைகளைத் துடைத்தாள். மைக்கல் வீட்டுச் சுவரில் கண்ட புகைப்படத்தைப் பற்றி நான் சொன்னேன். பொஸ்டனில் இருந்தவள் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள் என்றாள். மற்றவர்கள் அதற்கும் முன்னர்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு குரல்கள், மிச்சமிருந்த கிழங்கைச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றபடி, யாருக்குக் கடைசித் துண்டு என்று வாதாடிக்கொண்டிருந்தன. ஏழு பேரில் இப்போது இருப்பவர்கள் அவர்கள் இருவர்தான்.